சார்லஸ் லாம்பின் கடிதங்கள்: எங்கிருந்து தொடங்கலாம்?

எம்.ஏ. ஆங்கில இலக்கியமோ நெட் தேர்வோ, ஆங்கிலக் கட்டுரையாளர் லாம்ப் என்றாலே பெரும்பாலும் அவர் ‘எலியா’ என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரைகளோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆய்வேட்டுக்காக அவருடைய கடிதங்களைப் படித்த அப்புறம்தான் எனக்கு அந்தக் கட்டுரைகளே பிடிபட்டன.

முதல் பக்கத்திலிருந்து தேதி வரிசையில் போகாதீர்கள், சலித்துவிடும். யாருக்கு எழுதினார் என்று பிரித்துக்கொண்டு, அவருடைய பள்ளித் தோழரான கவிஞர் கோல்ரிட்ஜிடமிருந்து தொடங்குங்கள். 1796 செப்டம்பர் 22 அன்று அக்கா மேரி, புத்தி பேதலித்த நிலையில் தாயைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். ஐந்து நாள் கழித்து லாம்ப் எழுதிய கடிதத்தில் புலம்பலே இல்லை. அக்காவின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கத்தான் நேரம் இருந்தது என்கிறார். கவிதைப் பேச்சே வேண்டாம், முடிந்தவரை பக்தியோடு ஒரு கடிதம் எழுது என்று நண்பரைக் கேட்கிறார். அப்போது அவருக்கு வயது 21. கடைசிவரை திருமணம் செய்யாமல் அக்காவோடே வாழ்ந்தார். இதைப் படித்துவிட்டு ‘கனவுக் குழந்தைகள்’ என்ற எலியா கட்டுரைக்குத் திரும்புங்கள். கனவில் வந்த குழந்தைகள் மறைந்ததும் பக்கத்தில் பிரிட்ஜெட் உட்கார்ந்திருக்கிறாளே, அவள் மேரிதான் என்பது விளங்கும்.

எந்தப் பதிப்பு என்பதையும் பாருங்கள். லாம்பின் நண்பர் டால்ஃபோர்ட் 1837இல் கொண்டுவந்த தொகுப்பில் கொலைச் செய்தி கிடையாது. மேரி அப்போது உயிரோடு இருந்தார். 1847இல் அவர் இறந்த பிறகு, அடுத்த ஆண்டு வந்த தொகுப்பில்தான் அது வெளியானது. எனக்கு இ.வி. லூகாஸ் பதிப்பு கைகொடுத்தது.

கனமாக இருந்தால் நடுவில் நண்பர் மேனிங்குக்கு எழுதியவற்றைப் படியுங்கள். சீனாவில் இருந்த அவருக்கு 1815 கிறிஸ்துமஸ் அன்று, தெரிந்தவர்கள் எல்லாம் செத்துப்போனதாக ஒரே புளுகு! மறுநாளே, அவர் திரும்பும் வழியிலுள்ள செயின்ட் ஹெலினா தீவுக்கு உண்மையைச் சொல்லி இன்னொரு கடிதம். குறும்புக்கார மனுஷன்.

தேர்வுக்கு மிகவும் உதவுவது கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்துக்கு 1825 ஏப்ரலில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதைச் சொல்லி எழுதிய கடிதம். ஓய்வு பெற்ற எழுத்தர் பேசும் எலியா கட்டுரையை அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கடிதத்தில் 33 ஆண்டு அடிமைத்தனம் என்கிறார். உழைத்த இடம் கிழக்கிந்தியக் கம்பெனி. கட்டுரையில் அது 36 ஆண்டாகிறது, அலுவலகமும் லண்டனின் மின்சிங் லேன் தெருவில் ஒரு தனியார் வணிக நிறுவனமாகிறது. ‘எலியாவும் லாம்பும் ஒருவரா’ என்று கேள்வி வந்தால் இந்த ஒரு ஒப்பீட்டை வைத்தே இரண்டு பக்கம் எழுதலாம்.