தரையிலிருந்து புகை வந்த ஊர்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஹில் சிட்டியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஹைவே 24-இல் கிழக்கே கிளம்பினோம். இருபது நிமிடத்தில் நிக்கோடிமஸ் வந்துவிட்டது. "ஊர் எங்கேப்பா?" என்று மகள் கேட்டாள். நாலைந்து பழைய கட்டடங்கள், சில வீடுகள், சுற்றிலும் புல்வெளி. காரிலிருந்து இறங்கியதும் காற்று ஆளையே தள்ளியது.

இதே கேள்வியை 1878-இல் வில்லியானா ஹிக்மன் என்ற பெண்ணும் கேட்டிருக்கிறார். அவரும் குடும்பத்தாரும் கென்டக்கியிலிருந்து ரயிலில் எல்லிஸ் என்ற ஊர் வரை வந்தார்கள். அங்கே தட்டம்மை பரவி, குழந்தைகள் சிலரைப் பறிகொடுத்தார்கள். பிறகு பாதையே இல்லாத புல்வெளியில், திசைகாட்டியைப் பார்த்துப் பார்த்து இரண்டு நாள் பயணம். "நிக்கோடிமஸ் எங்கே?" என்று கேட்டவரிடம், தரையிலிருந்து எழும்பிய புகையைக் காட்டினார் கணவர். மண்ணைக் குடைந்த குழிகளுக்குள் குடும்பங்கள் குடியிருந்தன. வில்லியானா அழுதுவிட்டார். அந்த மேட்டில் நின்றபோது எனக்கும் தொண்டை அடைத்தது.

நிக்கோடிமஸ் இருக்கும் கிரகாம் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) இப்படித்தான் தொடங்கியது. அடிமைத்தனம் ஒழிந்து பன்னிரண்டே வருடம் ஆகியிருந்த 1877-இல், டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நிலத்தரகரும் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் பாதிரியாரும் சேர்ந்து கறுப்பின மக்களுக்காக இந்த ஊருக்கு மனை போட்டார்கள். அந்த செப்டம்பரில் சுமார் 300 பேர் வந்து சேர்ந்தார்கள். விறகுக்குக்கூட மரம் கிடைக்காத இடம். முதல் குளிர்காலத்தில் வேட்டை முடிந்து திரும்பிய ஒசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றியதை இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள்.

1880-இல் கவுண்டி நிர்வாகம் அமைந்தபோது, நிக்கோடிமஸ்காரரான எட்வர்ட் மெக்கேபைத் தற்காலிக கவுண்டி கிளார்க்காக ஆளுநர் நியமித்தார். இரண்டே வருடத்தில் அவர் மாநிலத் தணிக்கையாளர் தேர்தலில் ஜெயித்தார். ஆனால் கவுண்டியின் தலைநகர் அந்தஸ்து மில்புரூக் என்ற ஊருக்குப் போனது. 1887-இல் அந்த ஊரைச் சூறாவளி அழித்தது. அடுத்த வருடம் ஹில் தன் பெயரில் உருவாக்கிய ஹில் சிட்டி தலைநகரானது.

ரயில் வராமல் போனதுதான் நிக்கோடிமஸுக்குப் பெரிய அடி. பாதை வரட்டும் என்று ஊர்மக்கள் 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு ஓட்டுப் போட்டும் பயனில்லை. 1888-இல் யூனியன் பசிபிக் தண்டவாளம் சாலமன் ஆற்றின் தென்கரையோடு போய்விட்டது. அங்கே போக் என்ற ஊர் முளைக்க, கடைக்காரர்கள் ஒவ்வொருவராக ஆற்றைக் கடந்தார்கள். சிலர் கடைக் கட்டடத்தையே பெயர்த்து இழுத்துப் போயிருக்கிறார்கள். விட்டுப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் இங்கேயே இருந்து உழுதவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

மாலை வெயிலில் டவுன்ஷிப் ஹாலின் சுண்ணாம்புக்கல் சுவரைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. ஜூலை கடைசியில் அந்த முதல் குடியேறிகளின் வம்சத்தவர் பல ஊர்களிலிருந்தும் இங்கே கூடுவார்களாம். நாங்கள் போனது மே மாதம். அடுத்த தடவை ஜூலையில் வரலாம் என்று மகளே சொன்னாள்.