திருவலையைத் தொடாத ஆறு வாரங்கள்

பருவ வயதிலிருந்தே என் இடது மார்பகம் வலதைவிடக் கண்ணுக்குத் தெரியுமளவுக்குச் சிறியது. இரண்டு பிள்ளைகளுக்குப் பாலூட்டி முடித்தபின் அந்த வேறுபாடு இன்னும் கூடியதால், சிறிய பக்கத்தில் சிலிக்கோன் இம்பிளாண்ட் எனும் செயற்கை உள்வைப்பை வைத்துச் சமப்படுத்தும் சத்திரசிகிச்சையைச் சென்ற வருடம் கொழும்பில் செய்துகொண்டேன். அழகுக்காகவா என்று கேட்டால், ஆம், அழகுக்காகவும்தான்.

ஆயத்தத்தில் பெரும்பகுதி கேள்வி கேட்பதிலேயே கழிந்தது. கரடுமுரடான மேற்பரப்புடைய சிலவகை இம்பிளாண்ட்கள், அரியதொரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புபட்டதால் 2019 இல் உலகெங்கும் மீளப்பெறப்பட்டன என்பதை வாசித்திருந்தபடியால், எனக்கு வைப்பது வழுவழுப்பானதுதானா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கினேன். அஸ்பிரின், புரூபன், மீனெண்ணெய்க் குளிசை ஆகியவை இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும் என்பதால் முன்கூட்டியே நிறுத்தச் சொன்னார்கள். புகைப்பழக்கம் உள்ளவர்கள் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே அதை விட்டிருக்க வேண்டும். நிக்கொட்டின் இரத்தக்குழாய்களைச் சுருக்கிக் காயம் ஆறுவதைக் கெடுத்துவிடும். நான் புகைப்பதில்லை, ஆனால் என் கணவர் அன்றிலிருந்து முற்றத்துக்குத் துரத்தப்பட்டார்.

இம்பிளாண்ட் ஆயுள் முழுவதற்குமானதல்ல என்பதையும் அப்போதே தெளிவாகச் சொன்னார்கள். அது வலியேதுமின்றி உள்ளுக்குள் கிழியலாம் என்பதால், 5 அல்லது 6 வருடங்களில் முதலாவது ஸ்கேனும், பின்னர் 2 அல்லது 3 வருடங்களுக்கு ஒருமுறையும் பார்க்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (FDA) பரிந்துரைக்கிறது. அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகே கையெழுத்திட்டேன்.

கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் என்பதால், ஒரு கிழமை அக்கா வீட்டில் தங்கிவிட்டு, வாகன ஆசனப் பட்டிக்கும் நெஞ்சுக்கும் இடையே சிறு தலையணையொன்றை வைத்துக்கொண்டு, கால்களில் இரத்தம் உறையாதிருக்க வழியில் பலமுறை இறங்கி நடந்து, திருகோணமலைக்கு அருகிலுள்ள எங்கள் ஊரான உப்புவெளிக்கு வந்து சேர்ந்தேன்.

எனக்கு யாரும் முன்பே சொல்லித் தராதது கைகளைப் பற்றித்தான். இம்பிளாண்ட் நெஞ்சுத் தசையின் கீழ் வைக்கப்பட்டிருந்தது. படுக்கையிலிருந்து கையூன்றி எழும்போதும், கிணற்றில் தண்ணீர் அள்ளும்போதும், துருப்பிடித்த படலையைத் தள்ளும்போதும், தலைக்கு மேல் கையுயர்த்திப் பின்னலிடும்போதும் வேலை செய்வது அந்தத் தசையே என்பதை நான் அறிந்திருக்கவில்லை. எல்லாவற்றிலும் கொடியது தேங்காய் திருவுவது. பதினேழாம் நாள், வலி குறைந்துவிட்டதென்று நம்பித் திருவலையில் உட்கார்ந்து பாதித் தேங்காயைத் திருவியதும், இடப்பக்கம் உள்ளே ஏதோ இழுபட்டதுபோல் சுண்டியது. உடனே வைத்தியரிடம் காட்டினேன். ஒரு பக்கம் திடீரென வீங்கினாலோ, சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோதான் அஞ்ச வேண்டும், இது அப்படியல்ல என்றார். அதன்பின், சத்திரசிகிச்சையிலிருந்து ஆறு வாரம் முடியும்வரை திருவலை மச்சாளின் பொறுப்பாயிற்று. முன்பக்கம் கொளுவும் பிரா இரவும் பகலும், முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகள், முதுகுக்குத் தலையணை அடுக்கி மல்லாந்த உறக்கம், வலிமருந்தின் மலச்சிக்கலுக்குப் பப்பாளி என்று நாட்கள் போயின. முதல் வாரங்களில் இடது மார்பகம் மேலே ஏறி நின்றதைக் கண்டு அழுதேன். தசை தளர்ந்து அது கீழிறங்கி இயல்பான இடத்துக்கு வர மாதங்கள் எடுக்கும்.

அயலில் சொன்னது, சிறு சத்திரசிகிச்சை என்று மட்டும். எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு நெஞ்சில் கத்தி வைத்தார்களென்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது புற்றுநோயே. பக்கத்து வீட்டு மாமி "கட்டியோ பிள்ளை?" என்று கேட்டபோது நான் பேசாமல் இருந்துவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் பத்திரகாளி அம்மன் கோயிலில் என் பெயருக்கு அருச்சனை செய்த குங்குமத்தோடு வந்து நின்றபோது, தையல் போட்ட இடத்தைவிட அதிகமாக வேறெங்கோ வலித்தது. ஏழாம் வாரம் உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் என்னையே பார்த்திருந்துவிட்டு, "அதுக்கென்ன, தேங்காய் திருவ என்னைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றார்.