மாமன் சீரும் கறுப்புப் பையும்

மஞ்சள் நீராட்டு விழா என்றால் தெருவை அடைத்துப் பந்தல் போடுகிறோம். பெண்ணின் படத்தோடு பேனர், ஒலிபெருக்கி, தட்டுத் தட்டாய்த் தாய்மாமன் சீர். ஊருக்கே சொல்லியாயிற்று. அடுத்த மாதம் அதே பெண்ணுக்கு நாப்கின் வாங்கி வரச் சொன்னால் மட்டும் அப்பாவுக்கும் மாமனுக்கும் வெட்கம் வந்துவிடுகிறது!

எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் அடிக்கடி காணும் காட்சி இது. கூட்டம் கலையும்வரை இருமல் மருந்து அட்டையைப் படித்துக்கொண்டு நிற்பார் ஒருவர். பிறகு மனைவி அனுப்பிய படத்தைக் கைபேசியில் காட்டுவார். "பெரியதா, சிறியதா?" என்று கேட்டால் போதும், வேர்த்துவிடும். செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுத் தருவார்கள். மது பாட்டிலுக்குக்கூட இத்தனை மறைப்பு கிடையாது.

இத்தனைக்கும் மலிவு விலை நாப்கின் இயந்திரத்தை உருவாக்கிய கோவை முருகானந்தம் நம் ஊர்க்காரர்தான். தான் செய்த நாப்கினைச் சோதிக்க, கால்பந்தின் உட்பையில் ஆட்டு ரத்தம் நிரப்பி, தானே கட்டிக்கொண்டு நடந்தவர். ஊர் ஒதுக்கியது, மனைவியும் சில காலம் பிரிந்திருந்தார். 2016இல் பத்மஸ்ரீ வந்ததும் எல்லோருக்கும் சொந்தக்காரர் ஆகிவிட்டார், அது வேறு கதை.

அவ்வளவெல்லாம் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை, மாதவிடாய் வலியைப் புரிந்துகொண்டால் போதும். கருப்பை தன் உட்சுவரை வெளியேற்றச் சுருங்கும்போது வருகிற வலி அது. "நடிக்கிறாள்" என்று சொல்லும் அண்ணன்மார்கள் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை ஒருமுறை புரட்டலாம். மளிகைப் பட்டியலில் உப்பு, புளிக்குக் கீழே நாப்கினையும் எழுதுங்கள். கடைக்குப் போகிறவன் வாங்கி வரட்டும். பை வேண்டாம் என்றும் சொல்லட்டும்.