‘பிளெண்டிங்’ என்றால் கலப்பது அன்று

குன்னூரில் ‘பிளெண்டிங்’ என்றால் யாருக்கும் தேயிலைதான் நினைவுக்கு வரும். வெவ்வேறு தோட்டத்துத் தூள்களை நிறமும் மணமும் பார்த்துக் கலப்பதற்கு இந்த மலையில் அதுதான் பெயர். எங்கள் வீட்டுக்குக் கீழ்ச்சரிவில் குடியிருக்கும் பையன் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்துக்காகப் படிக்கிறான். அவனுடைய அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். விடுமுறைக்கு வந்திருந்தபோது தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். அதில் ‘பிளேடு பிளெண்டிங்: உலோகங்களைக் கலத்தல்’ என்று எழுதியிருந்தது. “ரெண்டு உலோகத்தையும் சேத்து உருக்கி அடைக்கிறதுதானே தாத்தா?” என்று கேட்டான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. அகராதியைத் திறந்தாலும் அந்தச் சொல்லுக்குக் ‘கலத்தல்’ என்றுதான் பொருள் இருக்கும். ஆனால் ஜெட் என்ஜினில் எதையும் எதனோடும் கலப்பதில்லை. ஓடுபாதையில் கிடந்த சிறு கல்லொன்று உள்ளே இழுக்கப்பட்டு, காற்றை நெருக்கி உள்ளே தள்ளும் கம்ப்ரஸரில் சுழலும் தகடான பிளேடின் முன்விளிம்பில் பட்டு, கூர்மையான ஒரு பள்ளத்தை உண்டாக்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பள்ளத்தின் கூர்முனையில் அழுத்தம் முழுவதும் வந்து குவியும். அங்கிருந்துதான் விரிசல் புறப்படும். போயிங் 737-800 விமானத்தில் உள்ள சிஎஃப்எம்56-7பி என்ஜினின் உட்சுழலிக்கு நிமிடத்துக்கு 14,460 சுற்று என்பதே நூறு விழுக்காடு வேகம் என்று கணக்கு. அந்த வேகத்தில் சுழலும் பிளேடில் கூர்மையான பள்ளம் இருக்கவே கூடாது. ஆகவே, பள்ளத்தின் அடிவரை உலோகத்தை அராவி, மேடும் கூரும் இல்லாமல் வளைவாக ஓடவிட்டு, தொட்டால் விரலுக்கு எதுவும் தட்டுப்படாத அளவுக்கு வழவழப்பாக்குவார்கள். அதுதான் பிளெண்டிங். தச்சர் பலகையில் செய்கிற வேலைக்குத் தமிழில் நெடுங்காலமாக இருக்கும் ‘இழைத்தல்’ என்ற சொல் இதற்கு அப்படியே பொருந்துகிறது. பையனின் நோட்டில் அதைத்தான் எழுதச் சொன்னேன்.

விமான என்ஜின் பராமரிப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்று மலைக்குத் திரும்பி வந்த எனக்கு, இந்தச் சொற்களைத் தமிழில் ஒழுங்குபடுத்துவது இப்போது முழுமனதான வேலையாகிவிட்டது. கையேடும் பதிவேடும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், இருக்கட்டும். ஆனால் என்ஜினைச் சுற்றி நின்று பேசியபோதெல்லாம் நாங்கள் தமிழில்தான் பேசினோம். அங்கே எல்லாவற்றுக்கும் ‘அடி’, ‘டேமேஜ்’ என்ற இரண்டு சொற்களே போதும் என்றிருந்ததுதான் கோளாறு.

வேலையில் சேர்ந்த புதிதில், என்ஜினுக்குள் துளைவழியே நுழைத்துப் பார்க்கும் போரோஸ்கோப் என்ற குழாய்க் கருவியால் பார்த்துவிட்டு, ‘பிளேடில் அடிபட்டிருக்கிறது’ என்ற அளவுக்கு மட்டும் பதிவேட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். எந்த அடுக்கு, எத்தனையாவது பிளேடு, பிளேடின் அடிப்பகுதியிலிருந்து எவ்வளவு உயரம், எவ்வளவு ஆழம், கூர்மையானதா மழுங்கலானதா என்று எதுவும் எழுதவில்லை. அடுத்த ஷிஃப்டில் வந்தவர்கள் மூடியை மறுபடி கழற்றி, சுழலியைக் கையால் மெல்லச் சுற்றி, ஒவ்வொரு பிளேடாகத் தேட வேண்டியதாயிற்று. விமானம் தாமதமாகப் புறப்பட்டது. அடுத்த நாள் என் மூத்தவர் திட்டவில்லை, என் வாக்கியத்தை எனக்கே வாசித்துக் காட்டி, “இதை வச்சு நான் என்ன முடிவு எடுக்கிறது தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

அவர் கேட்டது சரி. பிளேடின் நுனிப்பகுதியில் அனுமதிக்கப்படும் ஒரு பள்ளம், அதே அளவில் அடிப்பகுதியில் இருந்தால் என்ஜினைக் கழற்ற வேண்டியதாகிவிடும். பள்ளத்தின் வகையும் முடிவை மாற்றும். கவாத்துக் கத்தியின் வாய் கல்லில் பட்டுச் சிறு துண்டு போவதைப் போன்றது ஒன்று. அதை நான் ‘கொத்து’ என்கிறேன். பித்தளைக் குடம் திண்ணையில் இடித்து உள்ளே போவதைப் போன்றது இன்னொன்று. அதற்கு ‘ஒடுக்கு’ என்ற சொல் எல்லார் வீட்டிலும் உண்டு. ஒடுக்கில் உலோகம் இடம் மாறுகிறதே தவிர இழக்கப்படுவதில்லை. கீறல், விரிசல் இரண்டுக்கும் விளக்கமே தேவையில்லை.

‘அரிப்பு’தான் என்னை அதிகம் சிரமப்படுத்திய சொல். மழைக்காலத்தில் மண் அரிப்பைப் பற்றிப் பேசாத வீடு நீலகிரியில் இல்லை. மணலும் தூசியும் மோதி மோதிப் பிளேடின் விளிம்பு கரைவதும் அதே வகைதான். ஆனால் உப்பும் ஈரமும் வேதிவினையால் உலோகத்தைத் தின்பதையும் நாம் அரிப்பு என்றே சொல்லிவிடுகிறோம். இரண்டுக்கும் மருந்து வேறு. உப்புப் படிவைக் கம்ப்ரஸரை நீரால் கழுவி நீக்கலாம். மணலால் கரைந்துபோன விளிம்பு கழுவினால் திரும்ப வராது. பள்ளிப் பாடநூல்கள் வேதிவினையை ‘அரிமானம்’ என்று தனியே பிரித்திருப்பதை நான் நன்றியோடு எடுத்துக்கொண்டேன்.

என்ஜினின் பின்பகுதியில் சூடான வாயுவால் சுழலும் டர்பைனின் பிளேடு கடும் வெப்பத்திலும் இழுவிசையிலும் சிறிது சிறிதாக நீண்டுபோவதற்கு ஆங்கிலத்தில் ‘கிரீப்’ என்று பெயர். அதை ‘தவழ்தல்’ என்று பெயர்த்தால் ஒன்றும் புரியாது. ‘வெப்ப நீட்சி’ என்றால் தவறாகவே புரியும், ஏனென்றால் வெப்பத்தால் விரிவது குளிர்ந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். இது வராது. ‘மீளா நீட்சி’ என்றால் அந்த வேறுபாடு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

விமானத் துறை ஆங்கிலத்துக்கே இந்தக் கட்டுப்பாட்டை விதித்துக்கொண்டது. 1986-இல் வெளிவந்து, இன்று ஏஎஸ்டி-எஸ்டிஈ100 என்று வழங்கும் எளிய ஆங்கில விதிகளில், ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான். ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருவது மட்டுமே. விதிக்குக் கட்டுப்படுவதற்கு ‘ஒபே’ என்றுதான் எழுத வேண்டும். தாய்மொழி ஆங்கிலமல்லாத மெக்கானிக் நள்ளிரவில் வாசித்தாலும் பொருள் பிசகக் கூடாது என்பதற்காக இத்தனை கவனம். போல்ட், நட், டார்க், பேரிங் ஆகியவற்றுக்குப் புதுச்சொல் தேடுவதில் எனக்கு ஆர்வமில்லை. அவை பட்டறைத் தமிழாகவே ஆகிவிட்டன. கண்ணால் கண்டதையும் கையால் செய்வதையும் சொல்லும் சொற்கள்தாம் தமிழில் பிசகின்றிப் பிரிந்து நிற்க வேண்டும்.

இந்த வாரம் நானும் பையனும் ‘ஸ்டால்’, ‘சர்ஜ்’ இரண்டிலும் நிற்கிறோம். கம்ப்ரஸரின் சில பிளேடுகளில் காற்றோட்டம் பிளேடைவிட்டுப் பிரிவது முதலாவது. பர்லியாறிலிருந்து ஏறும் பார லாரி மூச்சு வாங்கினால் இங்கே ‘வண்டி திணறுது’ என்பார்கள். ஆகவே ‘திணறல்’ என்று எழுதி வைத்திருக்கிறோம். கம்ப்ரஸர் முழுவதும் காற்றோட்டம் குலைந்து, பெருத்த வெடியோசையோடு முன்பக்கமே திரும்பிப் பாய்வது இரண்டாவது. பையன் ‘எதிர்ப்பாய்வு’ என்கிறான். அந்த அதிர்ச்சியும் ஓசையும் அதில் இல்லை என்பதால் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.