யார் வெட்டியது?

பல வருடங்களுக்கு முன் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்தேன். மூன்றாவது மாதமே ஒரு பஞ்சாயத்து. லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்த துணி, காம்பாக்டிங் (அமுக்கிச் சுருக்கி அளவை நிலைப்படுத்தும் வேலை) முடிந்து சாயங்காலம் வந்து இறங்கியது. ஷிப்மென்ட் நெருக்கடி என்று அன்று ராத்திரியே லே போட்டு, அதாவது துணியை அடுக்கடுக்காக விரித்து, வெட்டிவிட்டார்கள். தைத்து அயர்ன் போட்டு டேப் வைத்தால், 72 செ.மீ. இருக்க வேண்டிய உயரம் 68-இல் நிற்கிறது.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. பின்னல் துணி சாயப்பட்டறையிலேயே நீளவாக்கில் இழுபடும். ரோலாகச் சுற்றும்போது இன்னும் கொஞ்சம். பிரித்துத் தளர்வாக மடித்து ஒரு நாள் கிடக்கவிட்டால் இழுப்பு அடங்கும். லைக்ரா என்றால் கட்டாயம் கிடக்க வேண்டும்.

மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, "யார் வெட்டியது?" கட்டிங் மாஸ்டருக்கு அந்த வாரச் சம்பளத்தில் பிடித்தம். இத்தனைக்கும் ராத்திரியே வெட்டச் சொன்னது மேனேஜர்தான். 1979-இல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான், திட்ட இயக்குநரான கலாமை முன்னே நிறுத்தாமல் பத்திரிகையாளர்களைத் தானே எதிர்கொண்டார் அல்லவா, அந்தக் கதையை இதே மேனேஜர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

அப்புறம் துணி வந்த நேரமும் வெட்டிய நேரமும் எழுத ஒரு நோட்டு போட்டார்கள். ஒரு மாதம் கழித்துப் புரட்டினேன். அத்தனை ரோலும் சொல்லி வைத்த மாதிரி 24 மணி நேரம் கிடந்திருந்தது. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. கம்பெனி பூட்டிக் கிடந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் எழுதியிருந்தது. சரிபார்த்ததாகக் கீழே கையெழுத்துப் போட்டவன் நான்.

அடுத்துப் போன கம்பெனி சின்னது. அங்கேயும் இதே தப்பு. முதலாளி வெட்டிய துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங் மாஸ்டர், துணி எப்ப வந்துச்சு?" என்றார்.

"ராத்திரி எட்டு மணிக்குங்க. பிரிச்சுப் போட எடமில்லீங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய கம்பெனியிலும் இடம்தான் இல்லை! அதை யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. மறு வாரம் இரண்டு ரேக் வந்தது. ரோல் வந்த நேரத்தைச் சாக்பீஸால் அதன் மேலேயே எழுத ஆரம்பித்தோம். முதலாளி ஒன்றும் சாது இல்லை, டீக்குப் போனவன் திரும்ப நேரமானால் தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். ஆனாலும் பையன்கள் தாங்களாக வந்து நிற்பார்கள். "அண்ணா, நெறம் லேசா மாறுன ரெண்டு ஷேடையும் ஒரே பண்டில்ல கட்டிட்டேன்." தையலுக்குப் போகும் முன்னால் சொன்னதால் அரை மணி நேரத்தில் பிரித்து அடுக்கிவிட்டோம்.

இப்போது நான் மேனேஜர். போன மாதம் ஒரு லாட்டில் கழுத்துப் பட்டியான ரிப்பின் அகலம் மாறிவிட்டது. வாயைத் திறந்ததும் வந்தது, "யாருய்யா தெச்சது?" லைனில் இருந்த எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். மூன்று நாள் கழித்து டீக்கடையில் ஒரு டெய்லர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அளவுச் சீட்டில் எழுதியிருந்தபடிதான் தைத்தார்களாம். அந்தச் சீட்டு என் மேஜையிலிருந்து போனது.