அட்டையில் எழுந்த பாலக்காட்டுக் கணவாய்: நாலு மாத வேலை

பொள்ளாச்சியில் வளர்ந்தவனுக்கு ஆடி மாதத்து மேகாத்து, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, பழக்கம். அந்தக் காற்று எந்த வழியாக நுழைகிறது என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க ஆசை. அதனால் நீலகிரி, ஆனைமலை, நடுவே பாலக்காட்டுக் கணவாய் என மூன்றையும் 2 அடிக்கு 2 அடி ப்ளைவுட் பலகையில் அட்டையால் எழுப்பத் தொடங்கினேன்.

அளவு 1:2,50,000. அதாவது 1 செ.மீ. என்றால் 2.5 கி.மீ. உயரத்தை மட்டும் ஐந்து மடங்கு கூட்டிக்கொண்டேன். இல்லாவிட்டால் 2,637 மீட்டர் தொட்டபெட்டா வெறும் ஒரு சென்டிமீட்டர் மேடாகத்தான் தெரியும். 2 மி.மீ. அட்டை ஒன்றுக்கு 100 மீட்டர் என்று கணக்கு. 2,695 மீட்டர் ஆனைமுடிக்கு 27 அடுக்கு. ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளை, 2000-ல் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த உயரத் தரவிலிருந்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைந்தேன்.

முதல் அச்சு வீணானது. பத்து கி.மீ. கோடு 4 செ.மீ. வர வேண்டும், 3.7 தான் வந்தது. தாளுக்குள் அடங்கும்படி கடையில் சுருக்கி அச்சடித்துவிட்டார்கள். அதற்குள் நீலகிரியில் ஆறு அடுக்கு வெட்டி முடித்திருந்தேன். எல்லாம் மறுபடியும். அப்புறம் மைதா பசை போட்டு ஒட்டியதில் ஈரம் ஏறி அட்டை ஓரமெல்லாம் சுருண்டது. ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி, மேலே அரிசி மூட்டையைத் தூக்கி வைத்த பிறகுதான் படிந்தது.

மலை எளிது. அடுக்க அடுக்கத் தானாக எழும்புகிறது. நாலு மாதத்தில் இரண்டு மாதத்தைத் தின்றது சமவெளிதான். கோவை கடல் மட்டத்துக்கு மேல் 411 மீட்டர், பாலக்காடு நகரம் 100 மீட்டருக்கும் கீழே. இடையில் இருக்கும் 50 கி.மீ. என் பலகையில் 20 செ.மீ., இறக்கமோ ஆறேழு மில்லிமீட்டர். 100 மீட்டர் அடுக்குகளை வைத்தால் நாலே படிக்கட்டு, நிலத்தின் சாயல் ஒன்றுமே தெரியவில்லை. வீட்டில் சேர்ந்திருந்த கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து அளந்து பார்த்தேன். ஒரு அட்டை கிட்டத்தட்ட 0.4 மி.மீ. கனம், சரியாக 20 மீட்டர்! சமவெளி முழுக்கப் பத்திரிகை அட்டையிலேயே வெட்டி ஒட்டி, படிகளின் விளிம்பைக் காகிதக் கூழால் இழைத்து, வார்னிஷ் அடித்தேன்.

காய்ந்ததும் நீல மை கலந்த தண்ணீரைச் சொட்டு மருந்துக் குழாயில் எடுத்து விட்டுப் பார்த்தோம். வெள்ளியங்கிரியில் விட்ட சொட்டு நொய்யல் போகிற வாக்கில் கிழக்கே திரும்பியது. ஆழியாறில் விட்டது வடமேற்கே வளைந்தது. "மாமா, இது கேரளாவுக்குல்ல போகுது!" என்றாள் அக்கா மகள். ஆமாம், போகத்தான் செய்யும். ஆழியாற்றுத் தண்ணீர் பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில் அரபிக்கடலைத் தொடுகிறது. நொய்யலோ காவிரியில் கலந்து வங்கக்கடலுக்குப் போகிறது. பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் நடுவே 40 கி.மீ. தான். இரண்டு கடலுக்குத் தண்ணீரைப் பிரிக்கும் மேடு மலைமுகட்டில் இல்லை, நான் பள்ளிக்கூடம் போன பஸ் ரோட்டை ஒட்டிய சமவெளியில் எங்கோ கிடக்கிறது. கண்ணுக்கு அது மேடே இல்லை. மூன்று பத்திரிகை அட்டை கனத்தில் விரலுக்கு மட்டும் தட்டுப்பட்டது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் எவ்வளவு பெரிய வேலை என்பதும் அப்போதுதான் உறைத்தது. மேற்கே போகும் தண்ணீரை மலையைக் குடைந்து சர்க்கார்பதி மின்நிலையத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சமமட்டக் கால்வாயில் திருமூர்த்தி அணைக்கு அனுப்புகிறார்கள். உடுமலை, காங்கேயம் பக்கத்து வறண்ட விளைநிலங்களுக்கு அங்கிருந்து பாய்கிறது. அந்தக் கால்வாய்க்கு நீல நூல் ஒட்டும்போது வெட்டவோ செதுக்கவோ தேவைப்படவில்லை. ஆனைமலை அடிவாரத்து அட்டை விளிம்பைப் பிடித்துக்கொண்டே நூல் வளைந்து வளைந்து போனது. பொறியாளர்கள் நிலத்தில் தேடிப்பிடித்த மட்டம் அதே விளிம்புதான்.

மழைக்குப் புள்ளி வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு, ஆண்டுக்கு 600, 700 மி.மீ. அளவே மழை பார்க்கும் கோவையிலிருந்து என் பலகையில் ஓர் அடித் தூரம். காற்றாலைக் காத்தாடிகளுக்குச் சிவப்பு குண்டூசி: உடுமலை, பல்லடம், கேத்தனூர் சுற்றி. குத்தி முடித்துவிட்டு மேற்குப் பக்கம் கண்ணைப் பலகை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால், சுமார் 12 செ.மீ. அகலக் கணவாய்க்கு நேர் எதிரே குண்டூசிகள் கூட்டமாக நிற்கின்றன.

அந்தக் காற்று வழியிலேயே 1860களின் தொடக்கத்தில் ரயில் பாதையும் போட்டார்கள். கறுப்பு நூலால் போத்தனூரிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காடு வரை ஒட்டிவிட்டேன். வாளையாறு அருகே நூல் காட்டுக்குள் நுழைகிறது. அங்கே ரயில் மோதி யானைகள் செத்திருக்கின்றன. இரண்டு பக்கத்து மலைகளிலும் பச்சை பூசியாகிவிட்டது. நூலை ஒட்டிய அந்த மூன்று விரல் அகல இடம் மட்டும் இன்னும் வெறும் அட்டையாக இருக்கிறது. காடு எதுவரை என்று படத்தில் சரிபார்த்துவிட்டு, வருகிற ஞாயிறு பூச வேண்டும்.