தொண்ணூறாம் நாள்

ஜூன் 12, வியாழன்

வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டு, நான் விழுந்து தலையில் அடிபட்டு இன்று முப்பத்தெட்டாம் நாள். சத்தம் தாங்கவில்லை, குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் வாசலுக்கு ஓடிவிட்டேன்.

ஜூன் 14, சனி

சி.டி. ஸ்கேன் படத்தை ஜன்னலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டம் கட்டமாக என் தலை, வெண்பூசணியைக் குறுக்கே அரிந்து அடுக்கியதுபோல். மூன்றாவது வரிசையில் ஒரு கறுப்பு! ஒரு கணம் மனம் துள்ளியது. வெளியே முருங்கைக் கிளையில் உட்கார்ந்திருந்த காக்கை அது. பறந்துவிட்டது.

அத்தை பார்த்துவிட்டார். "நார்மல் என்றுதான் எழுதிக் கொடுத்துவிட்டார்களே, இன்னும் எதைத் தேடுகிறாய்?"

ஜூன் 17, செவ்வாய்

தூக்கம் இல்லை.

ஜூன் 23, திங்கள்

பதிப்பகத்திலிருந்து போன். மாணவர்களுக்கான அறிவியல் நூல், எட்டாவது ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்கள்). ஹவுன்ஸ்பீல்டின் சி.டி. கருவியில் முதல் நோயாளியைப் படம் எடுத்த ஆண்டு 1971. அச்சில் 1791. நான் பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்பியது. திப்பு சுல்தானுக்கே சி.டி. எடுத்திருக்கலாம். (தப்பு விட எனக்கு வேறு பாடமே கிடைக்கவில்லை.)

இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். தேவையில்லாத இடத்தில் ஓர் ஒற்று மிகுந்தால் கண்ணில் தூசி விழுந்ததுபோல் உறுத்தும். இப்போது நாலாவது வரியிலிருந்து ஆறாவது வரிக்குப் போய்விடுகிறேன், போனதே தெரிவதில்லை. முதலாளி திட்டவில்லை. "நன்றாக ஓய்வெடுங்கள் அம்மா" என்றார். திட்டியிருக்கலாம்.

ஜூலை 3, வியாழன்

புதிய நரம்பியல் மருத்துவர். சின்னப் பெண். நான் சொல்வதைப் பாதியில் வெட்டாமல் கேட்ட முதல் ஆள்.

விழுந்த அன்று சி.டி. எடுப்பது, மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதா, ஓடு விரிந்திருக்கிறதா, உடனே அறுவை சிகிச்சை வேண்டுமா என்று பார்ப்பதற்கு. 'நார்மல்' என்றால் அதற்கெல்லாம் 'இல்லை' என்று பதில். அவ்வளவுதான். மூளை குலுங்கும்போது இழுபடுகிற நரம்பிழை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்தான். எம்.ஆர்.ஐ. படத்திலேயே ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மலைக்கோட்டை உச்சியில் நின்றுகொண்டு ஆண்டார் வீதியில் விழுந்த ஊசியைத் தேடுகிற கதை.

"பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குள் சரியாகிவிடும்" என்றார். பெரும்பாலோர். வீடு வரும்வரை அந்தச் சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். தொண்ணூறாம் நாள் ஆகஸ்ட் 3. ஆடிப்பெருக்கு.

ஜூலை 9, புதன்

அந்த வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு போட்டுவிட்டார்களாம். இப்போது.

ஜூலை 15, செவ்வாய்

எம்.ஆர்.ஐ. மெட்டி, கொண்டை ஊசி, தாலிச் சங்கிலி எல்லாம் கழற்ற வேண்டும். அத்தை விடியற்காலையிலேயே மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டி என் கழுத்தில் போட்டுவிட்டார். உள்ளே படுத்ததும் முதலில் தறி ஓடுகிற சத்தம். பிறகு யாரோ தகரத்தில் ஆணி அடித்தார்கள். காதில் பஞ்சு இருந்து என்ன? கண்ணை மூடிக்கொண்டு ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் பதின்மூன்று நிலைகளைக் கீழிருந்து எண்ணினேன். ஏழுக்கு மேல் ஏற முடியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. நாலரை மணிக்கே ஒலிபெருக்கி. தாயே, உனக்காவது காது வலிக்கவில்லையா?

ஜூலை 22, செவ்வாய்

இருக்கிறது.

இடது முன்மடலில் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி. சிந்திய ரத்தம் விட்டுப்போன இரும்புக் கறை. அதைக் காட்டுவதற்கென்றே ஒரு வகைப் படம் உண்டாம். படத்தில் கடுகளவு தெரிகிறது. நிஜத்தில் அதைவிடச் சிறியது, இந்த வகைப் படத்தில் இரும்பு பெரிதாகத்தான் விழும் என்றார்.

"அப்படியானால் தலைவலிக்கு இதுதான் காரணமா?"

"சொல்ல முடியாது. புள்ளி இருந்தும் நன்றாக நடமாடுகிறவர்கள் உண்டு. படத்தில் ஒன்றுமே இல்லாமல் உங்களைப்போல் அவதிப்படுகிறவர்களும் உண்டு."

நரம்பிழை நெடுக நீர் நகரும் போக்கை அளக்கிற படமும் இருக்கிறதாம். ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டு ஆராய்ச்சி செய்ய உதவும். ஒரே ஓர் ஆளுக்குத் தீர்ப்பு எழுத இன்னும் போதாது. நான் பாதிதான் கேட்டேன். புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில் அழுதேன், சந்தோஷத்தில். மூளையில் ரத்தம் கசிந்ததற்கு.

ஜூலை 23, புதன்

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு புள்ளியின்மேல் விரலை வைத்தார். "இவ்வளவு இருந்திருக்கிறதே அம்மா!" இரவு குக்கர் வைக்கவில்லை, வெண்கலப் பானையை எடுத்துச் சோறு வடித்தார்.

எனக்கு ஏனோ ஆத்திரமாக வந்தது. போன வாரம் வலித்ததும் இதே தலைதான்.

ஜூலை 29, செவ்வாய்

ஒரு பக்கம் படித்தேன். பதினொரு நிமிடம். இரண்டு பிழை பிடித்தேன். மூன்றாவது இருந்ததோ என்னவோ.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அம்மா மண்டபத்தில் நிற்க இடமில்லையாம். நான் போகவில்லை. அத்தை ஒரு செம்பில் காவிரித் தண்ணீர் கொண்டுவந்து, பழைய கயிற்றை மாற்றிப் புதுக் கயிறு கட்டிவிட்டார். எம்.ஆர்.ஐ.க்குப் பிறகு நான் சங்கிலிக்குத் திரும்பவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சாப்பிடும்போது இவர் மெதுவாகக் கேட்டார்: "இன்றைக்குத் தொண்ணூறு, இல்லையா?" இவரும் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அன்று வண்டியை ஓட்டியது இவர்தான்.

காலையில் வலி இல்லை. பத்து மணிக்கு வந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

தொண்ணூற்றொன்று. ஒன்பதாவது ஃபாரம் அனுப்பியிருக்கிறார்கள். மத்தியானத்துக்கு மேல் பார்க்கலாம்.